அகிஹபராவும் பாட்டுப் பெட்டியும்



வெளிநாட்டுப் பிரயாணம் சென்று திரும்புகிறவர்கள் அந்த நாட்டின் நினைவாக எதையேனும் வாங்கி வருவது நம்மிடையே நெடுநாளாக வேரூன்றிவிட்ட வழக்கம். அவர்களுள் சங்கீதத்தில் பற்றுக்கொண்டவர்களுக்கோ, பட்டும் வாசனைத் திரவியமும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், சட்டைப் பையில் அடங்கக்கூடிய நல்ல பாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்ற ஆவல்தான் மேலோங்கி நிற்கும். அந்த ஆவல் மிகவும் நியாயமானது. ஆயினும், அந்நிய தேசத்துக் கடைத்தெருவின் விளக்கொளியில் நின்று நாம் வாங்குகிற அந்தப் பெட்டி, தன் ஆயுட்காலத்தை நம் வீட்டு மின்சாரத்தோடும், நம் ஊர் வெயிலோடும் புழுதியோடும்தான் கழிக்கப்போகிறது. ஆகையால், வாங்கும் இடத்தின் கவர்ச்சிக்கு ஆட்படாமல், அது வாழப்போகும் இடத்தை மனத்தில் வைத்தே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் இன்று நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் விஷயம். அதை விளக்குவதற்கு உகந்த இடமாக, ஜப்பான் தலைநகரான டோக்கியோவில் உள்ள அகிஹபரா என்னும் பேட்டையை எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் 1945-ல் முடிவுற்றபோது டோக்கியோ நகரத்தின் பெரும்பகுதி குண்டுவீச்சில் எரிந்து கிடந்தது. செய்திக்கும் பாட்டுக்கும் ஜனங்கள் வானொலியையே நம்பியிருந்தார்கள். வானொலிப் பெட்டிகளோ கிடைப்பதற்கு அரிதாயிருந்தன. அந்தச் சமயத்தில், அருகிலிருந்த கண்டா பகுதியில் மின்பொறியியல் பயின்ற மாணவர்கள், கிடைத்த வால்வுகளையும் கம்பிச் சுருள்களையும் கொண்டு தாங்களே வானொலிகளைப் பூட்டி விற்கத் தொடங்கினார்கள்; அதற்கு வேண்டிய உதிரி சாமான்களை விற்பதற்கென்று தெருவோரக் கடைகள் பெருகின. 1949-ம் ஆண்டில், தெருவோரக் கடைகளை அகற்றும்படி நேச நாட்டு ராணுவ நிர்வாகம் உத்தரவிட்டபோது, வியாபாரிகள் ஒன்றுகூடி முறையிட்டதன் பயனாக, அகிஹபரா ரயில் நிலையத்தில் உயர்த்திக் கட்டிய தண்டவாளங்களுக்கு அடியில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. தலைக்கு மேலே ரயில் ஓடும் ஓசை கேட்க, எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்கி நின்றே வழிவிட வேண்டிய குறுகலான நடைகளில், சுவிட்சுகளையும் மின்தடைகளையும் சிறு சிறு தட்டுகளில் ரகம் பிரித்து வைத்து விற்கும் கடைகளை இன்றும் அங்கே காணலாம். பக்கத்துத் தெருக்களிலோ, பல மாடிகள் கொண்ட பேரங்காடிகளும், காதொலிப்பான்களுக்கென்றே நடத்தப்படும் கடைகளும், பழைய கருவிகளைச் சீர்ப்படுத்தி விற்கும் கடைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. தாம் விற்கும் சாமானைத் தாமே திறந்து பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே அந்தப் பேட்டையின் தனிச் சிறப்பு.

கையடக்கப் பாட்டுப் பெட்டியின் வரலாற்றில் ஜப்பானுக்கு உள்ள இடம் உங்களில் பலரும் அறிந்ததே. சோனி ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான மசாரு இபுகா, விமானப் பிரயாணங்களின்போது சங்கீதம் கேட்பதற்காக உடன் கொண்டுபோன ஒலிப்பதிவுக் கருவி மிகவும் கனமாக இருந்தமையால், இலகுவான பெட்டி ஒன்றைச் செய்துதரும்படி தம் ஸ்தாபனத்தாரைக் கேட்டார். பத்திரிகை நிருபர்கள் பேட்டிகளைப் பதிவு செய்வதற்காகச் செய்யப்பட்ட ஒரு சிறு கருவியிலிருந்து பதிவு செய்யும் பகுதியை நீக்கிவிட்டு, ஸ்டீரியோ முறையில் ஒலிக்கும்படி அதை மாற்றியமைத்தார்கள். பதிவு செய்ய முடியாத டேப் கருவியை யார் வாங்கப்போகிறார்கள் என்று உள்ளே இருந்தவர்களே ஐயுற்றபோதும், மற்றொரு ஸ்தாபகரான அகியோ மொரிட்டா தம் தீர்மானத்தில் உறுதியாக நின்றார். 1979-ம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி, 33,000 யென் விலையில், வாக்மன் விற்பனைக்கு வந்தது. முதலில் செய்த 30,000 பெட்டிகளுள் அந்த மாதத்தில் விற்றவை சுமார் 3,000 மட்டுமே. ஆகஸ்ட் மாதம் முடிவதற்குள் அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. ஒருவர் தனியாகக் கேட்டுக்கொண்டிருப்பது அருகில் இருப்பவருக்கு மரியாதைக் குறைவாகும் என்று மொரிட்டா கருதியதால், அந்த முதல் பெட்டியில் காதொலிப்பான் செருகுவதற்கு இரண்டு துளைகளும், பாட்டின் ஓசையைத் தணித்து இருவரும் பேசிக்கொள்வதற்கென்று செம்மஞ்சள் நிறப் பொத்தான் ஒன்றும் அமைத்திருந்தார்கள்.

கைப்பேசியே பாடுகிற இந்தக் காலத்தில் தனிப் பெட்டி எதற்கு என்று சிலர் கேட்கலாம். ராக ஆலாபனை மேல் ஸ்தாயியை எட்டிக்கொண்டிருக்கும் தருணத்தில், வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியோ யாரோ ஒருவரின் அழைப்போ குறுக்கிட்டு, கேட்பவரின் லயிப்பைக் கலைத்துவிடுவதை அனுபவித்தவர்களுக்கு அந்தக் கேள்வியே எழாது. கேட்பதற்கென்றே ஒரு கருவி இருப்பது, கேட்பதற்கென்றே ஒரு நேரத்தை நாம் ஒதுக்குவதற்குத் துணை செய்கிறது. டேப் வாக்மனை ஜப்பானில் விற்பனைக்கு அனுப்புவதை 2010-ல் சோனி நிறுத்திக்கொண்டது. ஐபாட் தயாரிப்பை 2022-ல் ஆப்பிள் நிறுத்திக்கொண்டது. அப்படியிருந்தும் அகிஹபராவின் கடைகளில் அவ்விரண்டையும் தேடி வருகிறவர்கள் இருந்துகொண்டே இருக்கிறார்கள்.

பழைய டேப் பெட்டியை வாங்க விரும்புகிறவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதை, அங்கே பழைய பெட்டிகள் விற்கும் முதியவர் ஒருவரின் கைகளைக் கவனித்தே நான் அறிந்துகொண்டேன். மேல் மூடியின் பளபளப்பை அவர் பார்க்கவே இல்லை. முதலில் மின்கலம் வைக்கும் அறையைத் திறந்து, உள்ளேயிருக்கும் உலோகத் தகடுகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ ஏதேனும் படிந்திருக்கிறதா என்று விளக்கருகே சாய்த்துப் பார்த்தார். அப்படிப் படிந்திருந்தால், எப்போதோ மின்கலம் கசிந்து உலோகத்தை அரித்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு பின்மூடியின் திருகாணிகளைக் கழற்றி, மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் ரப்பர் பட்டையை விரல் நுனியால் தொட்டுக் காட்டினார். ஆண்டுகள் பல ஆனபின் அந்தப் பட்டை இளகித் தாரைப் போல் ஒட்டிக்கொள்ளும். அல்லது தொய்ந்துபோய்ப் பாட்டின் வேகத்தைக் கெடுக்கும். புதுப் பட்டை மாட்டிய பெட்டிக்குக் கூடுதல் விலை சொல்வார்கள். அந்த விலை கொடுக்கத் தக்கதே. ஜங்க் என்று சீட்டு ஒட்டிக் கூடையில் போட்டு விற்கும் பெட்டிகளோ, ஓடுமென்ற உத்தரவாதமும் திருப்பித் தரும் உரிமையும் இல்லாதவை. பழுது பார்க்கத் தெரியாதவர்கள் அவற்றின் மலிவில் மயங்காதிருப்பது நலம்.

இன்னொரு விஷயத்தையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1980-களில் பெட்டிகளை மேலும் மெலிதாக்க முற்பட்டபோது, சூயிங்கம் வடிவத்தில் தட்டையான பிரத்தியேக மின்கலம் ஒன்றைப் புகுத்தினார்கள். அந்த மின்கலம் இப்போது ஜப்பானிலேயே தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. கடிகாரத்துக்கும் டார்ச் விளக்குக்கும் போடுகிற சாதாரணப் பென்சில் மின்கலத்தால் ஓடும் பெட்டியே நமக்கு உகந்தது. அது எந்த ஊர்ப் பெட்டிக் கடையிலும் கிடைக்கும்.

புதிய கருவியானாலும் பழைய கருவியானாலும், காதால் பரீட்சித்த பிறகே வாங்க வேண்டும். கடையில் வைத்திருக்கும் மாதிரிப் பாட்டைக் கேட்டு முடிவு செய்துவிடக் கூடாது. அந்தக் கருவியின் நிறைகள் மட்டும் வெளிப்படும்படியான பாட்டையே கடைக்காரர் வைத்திருப்பார். நமக்கு மனப்பாடமான கச்சேரி ஒன்றின் பதிவை, டேப் பெட்டிக்குக் கேசட்டிலும் புதிய பெட்டிக்கு நினைவட்டையிலுமாக, ஊரிலிருந்தே கொண்டுபோக வேண்டும். கருவிகளைச் சோதிப்பதற்கு நம் கச்சேரிப் பதிவைவிடச் சிறந்த சாதனம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். தம்புராவின் சுருதி அசையாமல் நிற்பது. டேப் ஓடும் வேகத்தில் அணுவளவு ஏற்ற இறக்கம் இருந்தாலும் அந்தச் சுருதி தள்ளாடுவதைக் காது உடனே கண்டுகொள்ளும். மிருதங்கத்தின் தொப்பியில் விழும் அடி கும்மென்று எழுந்து உடனே அடங்குகிறதா, அல்லது அடுத்த சொல்லின் மேலும் படர்ந்து அதை மூழ்கடிக்கிறதா என்பதிலிருந்து தாழ்ந்த ஒலிகளின் தரம் விளங்கும். பஜனைப் பதிவாயின், ஜால்ராவின் ஒலி காதைக் கீறாமல் தெளிவாகக் கேட்கிறதா என்பதிலிருந்து உயர்ந்த ஒலிகளின் தரம் விளங்கும். அகிஹபராவின் காதொலிப்பான் கடைகளில் நூற்றுக்கணக்கான காதொலிப்பான்களைப் பரீட்சைக்கென்றே வரிசையாக வைத்திருக்கிறார்கள்; நிதானமாக நின்று கேட்பவரை யாரும் விரட்டுவதில்லை.

இனி, நம் வீட்டோடு சம்பந்தப்பட்ட விஷயங்களுக்கு வருவோம். ஜப்பானில் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 100 வோல்ட். நமக்கு வருவது 230 வோல்ட். பெட்டியோடு தரப்படும் மின்னூட்டியில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. 100 மட்டும் அச்சிட்டிருந்தால், அதை நம் சுவரில் செருகிய கணமே அது கருகிப்போகும். அந்நாட்டு மக்களுக்கென்றே செய்யப்பட்ட சில பெட்டிகளில் ஜப்பானிய மொழியைத் தவிர வேறு மொழி இராது; ஆகவே கடையிலேயே இயக்கச் சொல்லி, மொழி மாற்றும் பகுதியைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். உத்தரவாதச் சீட்டும் பெரும்பாலும் அந்நாட்டுக்குள் மட்டுமே செல்லும்.

வானொலியும் சேர்ந்த பெட்டியானால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். ஜப்பானில் எஃப்.எம். ஒலிபரப்பு 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, நெடுங்காலம் 90 வரையிலும், பிற்காலத்தில் 95 வரையிலும் அமைந்தது. நம் நாட்டிலோ அது 87.5 முதல் 108 வரை. ஆதலால் அங்கே வாங்கும் பல பெட்டிகளில் 101.4-ல் ஒலிக்கும் சென்னை ரெயின்போ கேட்கவே கேட்காது. ஆனால், அங்கே தொலைக்காட்சியின் 1 முதல் 3 வரையிலான அலைவரிசைகள் முன்பு 90-க்கும் 108-க்கும் இடையில் இருந்தமையால், அவற்றின் ஒலியையும் கேட்பதற்கென்று 108 வரை செல்லும் பழைய வானொலிகள் சில உண்டு. அந்தத் தொலைக்காட்சி அலைகள் 2011-ல் நின்றுபோயினும், அத்தகைய பெட்டி நம் ஊருக்கு நன்றாகவே உதவும். மத்திய அலையிலும் இப்படியொரு நுட்பம் இருக்கிறது. ஜப்பானிலும் நம் நாட்டிலும் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்திருக்கின்றன. அமெரிக்காவில் இடைவெளி 10. அங்கே வாங்கிய எண்முறை வானொலி பத்துப் பத்தாகத் தாவுவதால், 936 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் திருச்சி நிலையம் 930-க்கும் 940-க்கும் நடுவே அகப்படாமல் போய்விடும். 9, 10 என்று மாற்றிக்கொள்ளும் வசதி அதில் இருக்கிறதா என்று கேட்டறிந்து வாங்க வேண்டும்.

ஐரோப்பிய நாடுகளில் வாங்குகிறவர்கள், அங்கே விற்கும் பெட்டிகளின் ஒலியளவுக்கு வரம்பு விதித்திருப்பதைக் காண்பார்கள். அதைக் குறையென்று எண்ண வேண்டாம். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதே பெரியவர்களின் காதுக்குப் பாதுகாப்பான எல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்திருக்கிறது. பஸ்ஸின் இரைச்சலில் பாட்டு எடுபடவில்லை என்றால், ஓசையைக் கூட்டுவதைவிட, காதில் நன்றாகப் பொருந்தி வெளியோசையைத் தடுக்கும் காதொலிப்பானை வாங்குவதே அறிவுடைமை. செவி கெட்டபின் சங்கீதம் ஏது?

முடிவாக, பிரயாணத்தின் கடைசி நாளன்று, விமான நிலையத்துக்குப் போகும் அவசரத்தில் பெட்டி வாங்கும் காரியத்தைச் செய்யாதீர்கள். பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துச் சென்றால், ஜப்பானில் 5,000 யென்னுக்குக் குறையாமல் வாங்கும் வெளிநாட்டுப் பிரயாணிகள் 10 சதவிகித விற்பனை வரியிலிருந்து விலக்குப் பெறலாம். பிரயாணத்தின் ஆரம்பத்திலேயே வாங்கிவிட்டால், ரயிலிலும் விடுதி அறையிலும் வைத்துக் கேட்டுப் பார்த்து, குறையேதும் தென்பட்டால் ஊர் திரும்புமுன் அந்தக் கடைக்கே எடுத்துச் சென்று சொல்லிவிடலாம். மின்னூட்டியின் எழுத்தையும் வானொலியின் எண்ணையும் படித்துப் பார்த்து, தம்புராவின் சுருதியைக் காதால் கேட்டு, இப்படி நிதானமாக வாங்கிய பெட்டிக்காக, நம் ஊரில் மின்கலத்துக்கும் மின்னூட்டிக்கும் கடை கடையாக அலைய வேண்டிய நிலை வராது. கொடுத்த பணத்துக்கு அது நெடுங்காலம் பாடும்.