குற்றமும் ஒழுக்கக்கேடும்



ஒழுக்கக்கேடு என்றதும் கள்ளும் சூதும் முறைதவறிய காமமுமே பலருக்கு நினைவில் எழுகின்றன. அச்சொல்லின் பொருள் அவ்வளவு குறுகியதன்று. ‘ஒழுகுதல்’ என்னும் வினையிலிருந்து பிறந்தது ஒழுக்கம். நீரோட்டம் போல் இடையறாது நிகழும் நன்னடையே அது. திருவள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அந்நடை பிறழ்வதே ஒழுக்கக்கேடு.

அறியாது நேரும் தீங்கை இதனோடு சேர்த்து எண்ணலாகாது. மலை சரிந்து லயத்தை மூடினால் மலையைப் பழிப்பார் இல்லை. நன்மை தீமை அதற்குத் தெரியாது. சரியும் என்று அறிந்தும் அதன் அடியில் மக்களைக் குடியமர்த்தியவர் எவரேனும் இருப்பின், அவரே பழிக்குரியவர்.

சட்டம் வகுக்கும் குற்றமோ வேறு. அதுவும் ஒழுக்கக்கேடும் எப்போதும் ஒன்றாவதில்லை என்பதற்கு மலையக வரலாறே சான்று. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தல் கொடாமல் தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையில் இடலாம். வேறு தோட்டம் செல்வதற்கோ ‘துண்டு’ வேண்டும். தொழிலாளியின் கடனைத் தீர்ப்பவருக்கே அவரை விடுவிப்போம் என்று எழுதிய சீட்டு அது. கடன் கணக்கு பெரிய கங்காணியின் கையில். எழுத்தறியாத தொழிலாளி அதைச் சரிபார்ப்பது எவ்வாறு? பசி தாளாமல் ஓடியவர் குற்றவாளி; கடனாற் பிணித்தவர் கனவான். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அன்று மாறியது சட்டமே. மனிதரைக் கடனோடு கைமாற்றுவது அதற்கு முந்திய நாளிலும் தீதாகவே இருந்தது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது, எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. ஒரு சட்டம் நிறைவேற்றப்பட்டது, அவ்வளவே. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது.

ஆகவே, ‘சட்டத்திற்கு விரோதமாக நான் ஒன்றும் செய்யவில்லை’ என்பது முழுமையான விடை ஆகாது. இது துரைமாருக்கும் அரசினருக்கும் மட்டும் சொன்னதன்று. கொழுந்து நிறுக்கும்போது உள்ளதைக் குறைத்து எழுதும் கை, யாரும் காணாவிடினும், ஒழுக்கம் கெட்ட கையே. நாள் முழுதும் மலையேறிக் கொழுந்தெடுத்த மனைவியின் கூலியைக் கணவன் வாங்கிக் குடித்துத் தீர்த்தால், அதற்காக எந்த நீதிமன்றமும் அவனை அழைக்காது. ஆயினும் அந்த லயத்துக் காம்பராவில் குழந்தைகள் பட்டினி கிடக்கின்றன.

இதற்குத் தண்டனை உண்டா என்று கேட்பவர் சட்டத்தை அறிந்தவர். இதனால் யாருக்குத் துன்பம் என்று கேட்பவரே ஒழுக்கத்தை அறிந்தவர்.