சைக்கிள் கழகத்தில் சேர்ந்தால் பயன் உண்டா?

(எமது சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் அண்ணை என்னைப் பேசச் சொல்லிக் கேட்டபோது, "நான் ஏ.எல். மட்டும் படிச்ச பக்டரிக்காரன், மேடையிலை என்னத்தைப் பேசிறது?" என்று மறுத்தேன். "ஞாயிற்றுக்கிழமையிலை இறுக்கின காற்சட்டையோடை சைக்கிளிலை திரியிறீர்தானே, அதைப் பற்றிப் பேசும்" என்றார். ஆகவே அதைப் பற்றியே பேசுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

சைக்கிள் எங்களுக்குப் புதிய சாமான் அல்ல. யாழ்ப்பாணத்தில் 1990களில் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் விறகும் நெல்மூட்டையும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள். மின்சாரம் இல்லாத இரவுகளில் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு ஏழு வயது. அப்பா பாரில் துவாயைச் சுற்றி என்னை இருத்தி, கரியரில் இரண்டு உரப்பைகளைக் கட்டி, மழைக்குள்ளால் நாவற்குழிப் பாலம் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர். அந்தச் சனத்துக்குள் ஏறி ஓட இடமில்லை.

இப்படி வளர்ந்தவனுக்கு, "சைக்கிள் ஓட எனக்குத் தெரியும்தானே, கழகத்தில் சேர்ந்து என்னத்தைப் படிக்கிறது?" என்ற எண்ணம் வருவது இயல்பு. எனக்கும் வந்தது. அது எவ்வளவு பிழை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் திரும்பவும் சைக்கிள் எடுத்தது ஆசையில் அல்ல, பயத்தில். எங்களோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த நண்பர் ஒருவர் 42 வயதில் மாரடைப்பால் போய்விட்டார். அவருடைய பெட்டியைக் கட்டி ஊருக்கு அனுப்பியது நாங்கள். அடுத்த மாதம் நான் இரத்தம் சோதித்தேன். "நீரிழிவின் வாசற்படியில் நிற்கிறீர்" என்றார் டொக்ரர். தென்னாசியர்களாகிய எங்களுக்கு மற்றவர்களைவிட இளம் வயதிலும், பெரிய உடம்பு இல்லாமலும் நீரிழிவு வருகிறது என்பது மருத்துவம் அறிந்த விடயம். போதாக்குறைக்கு இரவு சிப்ற், காருக்குள் இருந்தே பயணம், நேரம் தப்பிய சோறு.

பழைய சைக்கிள் ஒன்று வாங்கித் தனியே ஓடத் தொடங்கினேன். மல்கிரேவில் இருக்கிற எங்களுக்கு அந்த வகையில் அதிர்ஷ்டம். ஈஸ்ற்லிங்க் பெருந்தெருவோடு சேர்ந்து ஏறக்குறைய 35 கிலோமீற்றருக்குச் சைக்கிள் பாதை இருக்கிறது. டண்டினோங் ஓடைக்கரைப் பாதை ஜெல்ஸ் பார்க்குக்குள்ளால் போகிறது. காருக்குப் பயப்படாமல் ஓடலாம். ஆனால் ஆறு மாதம் போயும் பெரிய முன்னேற்றம் இல்லை. ஒரே பாதை, ஒரே வேகம். மழை என்றால் போவதில்லை. இரவு வேலை முடிந்தால் போவதில்லை. நான் போகாவிட்டால் கேட்க ஆளில்லை.

ஒரு கோடைகாலத்து ஞாயிறு ஓவர்ரைமுக்குப் போகும்போதுதான் அந்தக் காட்சியைக் கண்டேன். மல்கிரேவ் கிளென்வேல் கிறசென்ற் தொழிற்பேட்டை உங்களில் பலருக்குத் தெரிந்த இடம். கிழமை நாட்களில் லொறி நிற்கிற அந்தத் தெருவில், கார்னகி கோல்ஃபீல்ட் சைக்கிள் கழகத்தார் சுற்றோட்டப் போட்டி நடத்துவார்கள். தேன்கூடு கலைந்த மாதிரி ஒரு இரைச்சல், ஒரு கூட்டம் பறந்து போனது. "இது எங்களுக்குச் சரிவராது" என்று திரும்பப் பார்த்தேன். அடுத்து வந்த கூட்டத்தில் தலை நரைத்தவர்களும் வண்டி வைத்தவர்களும் இருந்தார்கள்! பிறகு விசாரித்தால், ஓட்டக்காரரை ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்து, அவரவர் வலுவுக்கு ஏற்றவர்களோடுதான் ஓட விடுவார்களாம். ஊரில் எங்களுக்கு இருந்தது ஒரே போட்டி, முதலாவதாக வந்தவனுக்குக் கிண்ணம், மற்றவனுக்குக் கூச்சல்.

பிறகு நான் ஒரு கழகத்தாரின் ஆறுதலான குழுவோடு ஞாயிறு காலையில் ஓடத் தொடங்கினேன். அந்த அனுபவத்தை வைத்து மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

முதலாவது, ஓட்டம் திருந்துமா? நிச்சயம் திருந்தும். முதல்நாளே எனது இருக்கையை உயர்த்தினார்கள். நான் ஊர்ப் பழக்கத்தில் இரண்டு காலும் நிலத்தில் ஊன்றக்கூடியதாக வைத்திருந்தேன். இருந்துகொண்டு, மிதி ஆகக் கீழே நிற்கும்போது குதிக்கால் அதில் முட்டி, கால் நேராக இருக்கவேண்டும். அதுதான் அளவு. இரண்டு வருடமாக இருந்த முழங்கால் நோ ஒரு மாதத்தில் குறைந்தது. பாரமான கியரில் மூச்சுப்பிடித்து உழக்காமல், இலேசான கியரில் நிமிடத்துக்கு 80, 90 தரம் கால் சுற்றப் பழக்கினார்கள்.

அடுத்தது காற்று. சமதரையில் வேகமாக ஓடும்போது எங்களைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் காற்றுத்தான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். இன்னொருவருக்குப் பின்னால் ஒட்டி ஓடினால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு சக்தி மிச்சம். ஆகவே முறை வைத்து முன்னுக்குப் போவார்கள். களைத்தவர் பின்னுக்கு வருவார். தனியே 30 கிலோமீற்றரில் களைத்த நான், குழுவோடு 60 கிலோமீற்றர் போய்வந்தேன்.

ஆனால் ஒட்டி ஓடுவதற்கு ஒழுங்கு வேண்டும். சடாரெனப் பிறேக் பிடிக்கக்கூடாது. நேர்கோட்டில் ஓடவேண்டும். முன்னால் போகிறவரின் பின்சில்லுக்குப் பக்கமாக உமது முன்சில்லைக் கொண்டுபோகக் கூடாது. குழியைக் கண்டால் கையால் காட்டவேண்டும். இரண்டாம் கிழமை நான் ஒரு நாயைக் கண்டு பிறேக்கை இறுக்கிப் பிடித்தேன். பின்னால் வந்த மனிதர் புல்லுக்குள் விழுந்தார். நல்லகாலம், முழங்கையில் தோல் உரிந்ததோடு போனது. குற்றம் முழுக்க என்னுடையது. வெட்கத்தில் அடுத்த ஞாயிறு போகாமல் இருக்கப் பார்த்தேன். விழுந்த மனிதரே, "நாளைக்கு வாறீர்தானே?" என்று தகவல் அனுப்பினார்.

இரண்டாவது, உடம்பு திருந்துமா? இதற்குப் பதில், கழகம் மட்டும் போதாது. கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை நடுத்தர உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. ஞாயிறு மட்டும் ஓடிவிட்டு ஆறு நாள் சும்மா இருந்தால் நோவு மட்டும்தான் மிஞ்சும். நான் கிழமையில் மூன்று நாள் வேலைக்குச் சைக்கிளில் போகிறேன். ஞாயிறு குழு இருக்கிறபடியால்தான் அந்த மூன்று நாளும் தவறாமல் நடக்கிறது.

இதிலும் ஒரு ஆபத்து உண்டு. மற்றவனைக் கண்டால் எங்களுக்கு ரோசம் வந்துவிடும். வேகமான குழுவைத் துரத்தி இரண்டு கிழமை காலைத் தூக்க முடியாமல் கிடந்திருக்கிறேன். பேசிக்கொண்டு ஓடக்கூடிய வேகமே பெரும்பாலான நாட்களுக்குச் சரியான வேகம். நாற்பது தாண்டியவர்களும், நெஞ்சு நோ, நீரிழிவு, பிறஷர் உள்ளவர்களும் டொக்ரரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஒரு வருடத்தில் எனது சீனி அளவு பழைய நிலைக்கு இறங்கியது. சோற்றையும் குறைத்தேன், ஆகவே முழுப் புகழையும் சைக்கிளுக்குக் கொடுக்கமாட்டேன். டண்டினோங் மலையில் பேசினில் இருந்து சசாபிராஸ் வரை ஏறுகிற பாதைக்கு "இருபதுக்கு ஒன்று" என்று பெயர். இருபது மீற்றர் போனால் ஒரு மீற்றர் உயரும். முதல்முறை நாலு இடத்தில் இறங்கினேன். இப்போது இறங்காமல் ஏறுகிறேன்.

மூன்றாவது, ஆபத்தும் செலவும். எங்களில் பலர் நாள்கூலி மாதிரி வேலை செய்கிறவர்கள். கை முறிந்தால் சம்பளம் இல்லை. அந்தப் பயம் நியாயமானது. ஆகவே ஹெல்மெற் இல்லாமல் ஏறாதீர்கள். 1990 யூலை 1ஆம் திகதி உலகிலேயே முதன்முதலாக அதைக் கட்டாயமாக்கியது எங்கள் விக்ரோறியா மாநிலம்தான். இருட்டில் முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு விளக்கு வேண்டும். 2021 முதல் கார்க்காரர் சைக்கிளைக் கடக்கும்போது ஒரு மீற்றரும், 60 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தெருவில் ஒன்றரை மீற்றரும் விலகிப் போகவேண்டும் என்பது சட்டம். ஆஸ்சைக்கிளிங் அமைப்பில் உறுப்பினரானால் அந்த உறுப்புரிமையோடு காப்புறுதியும் வருகிறது. எது அடங்கும், எது அடங்காது என்று வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வையுங்கோ. இங்கே மெடிகெயார் அம்புலன்ஸ் செலவைக் கொடுப்பதில்லை என்பதையும் மறக்கவேண்டாம். விலை கூடிய சைக்கிள் தேவையில்லை. பிறேக்கும் ரயரும் நல்லதாக இருந்தால் பழையதே போதும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஞாயிறு காலை எனக்கு ஓட்டம் என்றால், வீட்டில் பிள்ளைகளைப் பார்ப்பது மனைவி. ஆகவே சனி காலை அவருடைய நடைக்கு, அன்று சமையல் என்னுடையது. இந்த ஒப்பந்தம் இல்லாமல் எந்தக் கழகமும் நிலைக்காது.

நண்பரின் பெட்டியைக் கட்டிய அந்த இரவை நான் மறக்கவில்லை. தனியே வேலை, தனியே சாப்பாடு, தனியே படுக்கை என்று இருக்கிற எங்கள் தம்பிமாருக்கு, "நாளைக்கு வாறீர்தானே?" என்று கேட்க ஒருவர் வேண்டும். எனக்கு முதலில் அப்படிக் கேட்டது எனது மொழி தெரியாத ஒரு மனிதர்.

எனது வேண்டுகோள் இதுதான். இந்தச் சித்திரையில் இருந்து ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஜெல்ஸ் பார்க்கில் கூடி, பாதையால் 15 கிலோமீற்றர் ஆறுதலாக ஓடுவோம். ஒருவரையும் விட்டுவிட்டுப் போகமாட்டோம். பழகியபின் விருப்பமானவர்கள் பெரிய கழகங்களில் சேரட்டும். வருடப்பிறப்பு விளையாட்டுப் போட்டியில் ஊரில் நடந்த மாதிரி மெதுவாகச் சைக்கிள் ஓடும் போட்டியையும் சேர்க்கும்படி நிர்வாகத்தைக் கேட்கிறேன். கடைசியாக வருபவருக்குத்தான் அதில் பரிசு. ஆகவே ஒருவரும் வெட்கப்படாமல் வரலாம்.