கிழங்குக்கு ஆதரவு விலை கொடு!

விவசாயத் தோழர்களே,

அரிசி, கோதுமைக்கு அடுத்தபடியா உலகத்துக்குச் சோறு போடுவது நம்ம உருளைக்கிழங்குதான். 2024 முதல் மே 30-ஐ உருளைக்கிழங்கு தினமாக ஐ.நா. சபை கொண்டாடுகிறது. சந்தோஷம். நீலகிரியில் கிழங்கு போட்ட நம்ம கதி?

கடன் வாங்கி விதைக்கிழங்கு போடுகிறோம். மண்ணுக்குள்ளே நூற்புழு, 1961-லேயே நம்ம மலையில் கண்டுபிடித்தது. மழையும் மூடுபனியும் சேர்ந்தால் இலைக்கருகல். இதையெல்லாம் தாண்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூட்டை அனுப்பினால், ஏலத்தில் வியாபாரி கேட்டதே விலை. லாரி வாடகை, ஏற்றுகூலி, கமிஷன் போக மிச்சம் என்னன்னு சீட்டு வந்தாத்தான் தெரியும். நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை உண்டு. அந்தப் பட்டியலில் கிழங்கே இல்லை. கிழங்கு நெல் மாதிரி காத்திருக்காது, அழுகிப்போகும்.

ஆதரவு விலை, நூற்புழு தாங்கும் குப்ரி சுவர்ணா மாதிரி விதை, குளிர்பதனக் கிடங்கு கேட்கிறோம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் முன் கூடுவோம். பெண்கள் கட்டாயம் வரணும். களை எடுப்பதும் கிழங்கு பொறுக்குவதும் அவங்கதானே.