பிள்ளை கையில் ஒரு முடிச்சு

(தை நான்காம் நாள் மாலை, மணலூர்பேட்டையில் பெற்றோரும் பிள்ளைகளும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)

 

நாளை விடிந்தால் தை ஐந்து. பெண்ணையாற்றின் இரு கரைகளிலும் ஆற்றுத் திருவிழா. கடலூர்க் கடற்கரை வரையிலும் பல ஊர்களில் இவ்விழா நடைபெறுகின்றதெனினும், மணலூர்பேட்டைக்கெனத் தனிச் சிறப்பொன்று உண்டு. சுற்றுப்புறத்து ஊர்த் தெய்வங்களோடு, வடக்கே திருவண்ணாமலையினின்று அண்ணாமலையாரும் இவ்வாற்றுக்கு நீராட வருகின்றார். 'தீர்த்தவாரி' என்று கோயிலார் வழங்குவது இந்நீராட்டையே. இறைநம்பிக்கை உடையார் அதற்காக வருவர். இல்லாரும் ஆற்றுக்காக வருவர். மணல்வெளி முழுதும் கடைகள் நிரம்பும். சிறுவள்ளிக் கிழங்கு குவியல் குவியலாய்க் கிடக்கும். கரும்பும் ஊதலும் பலூனும் பிள்ளைகளின் கண்ணைப் பறிக்கும்.

அத்தகைய நாளின் முன்மாலையில் உங்களிடம் ஒன்று கேட்க வந்துள்ளேன். நாளை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்கு வரும் பிள்ளை, நாற்பது அகவை நிரம்பிய பின் இவ்விழாவிலிருந்து எதை நினைவில் வைத்திருக்கும்? உடைந்துபோன ஊதலையா? அல்லது தன் கையால் தான் செய்த ஒன்றையா?

இவ்வினாவை முதலில் என்னிடம் கேட்டவன் என் மகன். மறைக்காமல் சொல்கிறேன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், பொங்கல் நாள்களில் நான் வீட்டில் இருந்ததில்லை. பொங்கல் தமிழர் திருநாள் என்று ஊர் ஊராகச் சென்று மேடையேறி முழங்கிக் கொண்டிருந்தேன். உழவின் உயர்வைப் பேசினேன். தைத் திங்களின் தொன்மையைப் பேசினேன். கை தட்டினார்கள், மாலை அணிவித்தார்கள். இரவு நான் வீடு திரும்பும்போது பிள்ளைகள் உறங்கியிருப்பார்கள். பானை கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும். எனக்கென்று ஒரு கிண்ணத்தில் பொங்கல் ஆறிக் கிடக்கும்.

என் மகன் இன்று பெங்களூரில் பணி செய்கின்றான். அவனுக்கு நான்கு அகவையில் ஒரு பெண் குழந்தை. சென்ற ஆண்டு மார்கழிக் கடைசியில் தொலைப்பேசியில் அழைத்தான். "அப்பா, பொங்கலன்று நம் வீட்டில் என்னென்ன செய்வோம்? என் மகளுக்குச் செய்து காட்ட வேண்டும்" என்றான். நான் வழக்கம் போல் பொங்கலின் சிறப்பைச் சொல்லத் தொடங்கினேன். அவன் இடைமறித்தான். "அது எனக்குத் தெரியும் அப்பா. நாம் என்ன செய்தோம் என்று கேட்கின்றேன்" என்றான்.

எனக்கு விடை தெரியவில்லை. ஊருக்கெல்லாம் உரைத்தவனுக்குத் தன் வீட்டுப் பொங்கல் தெரியவில்லை. சற்று நேரம் அமைதியாய் இருந்துவிட்டு அவனே சொன்னான்: "எனக்கு ஒன்றுதான் நினைவிருக்கிறது. ஐந்து அகவை இருக்கும். அம்மா மஞ்சட்கொத்தை என் கையில் கொடுத்துப் பானைக் கழுத்தில் கட்டச் சொன்னார். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அவர் கட்டவில்லை, என்னையே மறுபடியும் கட்டச் சொன்னார். அதன்பின் ஆண்டுதோறும் நான்தான் கட்டினேன்."

அன்பர்களே! என் முப்பதாண்டுப் பேச்சில் ஒரு சொல்லும் என் மகன் நெஞ்சில் தங்கவில்லை. அவன் தாய் அவன் கையில் கொடுத்த ஒரு முடிச்சு தங்கிவிட்டது. இன்று நான் சொல்ல வந்த செய்தி அவ்வளவே. விழா பிள்ளையின் காது வழியே நுழைவதன்று. கை வழியே நுழைவது.

இது நம் முன்னோர் அறியாத செய்தியும் அன்று. தைந்நீராடல் என்னும் வழக்கம் கழகக் காலத்திலேயே இருந்தது. வையைக் கரையில் இளமகளிர் நீராடிய காட்சியைப் பரிபாடல் காட்டுகின்றது. அங்கே முதிய மகளிர் முறை காட்டுகின்றார்கள்; இளையோர் தாயரின் அருகே நின்று ஆடுகின்றார்கள். அறிவுரைக் கூட்டம் எதுவும் அங்கே நடைபெறவில்லை. பெரியவர் செய்து காட்டினார், தாய் அருகிருந்தாள், பிள்ளை தானே செய்தது. ஒரு மரபு கைம்மாறுவதற்கு இம்மூன்றும் போதும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மரபு அறுந்துவிடும். என் வீட்டில் என்னளவில் அறுந்தது. என் மனைவியால் பிழைத்தது.

குழந்தை உள்ளம் எத்தகையது என்பதையும் இம்மண்ணின் வரலாறே நமக்குக் கற்பிக்கின்றது. இந்நாடு மலையமான் ஆண்ட நாடு. அவன் மக்களை யானைக் காலில் இட்டுக் கொல்ல முனைந்தான் சோழன் கிள்ளிவளவன். கோவூர் கிழார் இடைபுகுந்து பாடி அக்குழந்தைகளைக் காத்தார் என்பது புறநானூறு தரும் செய்தி. அப்புலவர் கண்டது என்ன தெரியுமா? யானையைக் கண்ட வியப்பில் அப்பிள்ளைகள் தம் அழுகையை மறந்துவிட்டார்கள். பின்னர்ப் பழகாத மன்றத்தைக் கண்டு மருண்டார்கள். தம்மைக் கொல்ல வந்த யானையையே வேடிக்கை பார்க்கும் உள்ளம் குழந்தை உள்ளம். கண்ணில் பெரிதாய்ப் படுவதன்பால் அது சாயும். ஆகவே கடைத்தெருவையும் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் மட்டுமே நாம் காட்டினால், அவற்றையே அது விழா என்று கொள்ளும். பிழை பிள்ளையினுடையதன்று.

அப்படியாயின் என்ன செய்வது? பொருள் மிகுதியாக வேண்டா, பொழுதுதான் வேண்டும். சிலவற்றைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு ஏற்றவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் விழாவில் ஒரு வேலையைப் பட்டயம் எழுதிக் கொடுத்தாற்போல் கொடுத்துவிடுங்கள். காப்பு முதலாகப் பத்துப் பருவம் வகுத்துப் பிள்ளைத்தமிழ் பாடிய இனம் நம் இனம். கை கொட்டும் பருவத்துக்குச் சப்பாணி. வளர்ந்த ஆண் பிள்ளைக்குச் சிறுபறையும் சிறுதேரும். பெண் பிள்ளைக்கு நீராடலும் ஊசலும் என்று பார்த்துப் பார்த்து வகுத்தார்கள். நாமும் அகவை பார்த்து வேலை கொடுப்போம். மூன்று அகவைப் பிள்ளை அரிசியைக் கைப்பிடியால் அள்ளிப் பானையில் இடட்டும். ஐந்து அகவைப் பிள்ளை மஞ்சட்கொத்தைக் கட்டட்டும். ஏழு அகவைப் பிள்ளை கோலத்துக்குப் புள்ளி வைக்கட்டும். பத்து அகவைப் பிள்ளை வெல்லத்தை நிறுத்துப் பார்த்துத் தட்டிக் கொடுக்கட்டும். அடுத்த ஆண்டும் அதே வேலை. "இது என் வேலை" என்று பிள்ளை முந்திக்கொண்டு ஓடிவரும் நாளில் உங்கள் வீட்டில் ஒரு மரபு பிறந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

அரிசி சிந்தும், கோலம் கோணும், முடிச்சு அவிழும். சினந்து அதைப் பிடுங்கி நீங்கள் செய்துவிடாதீர்கள். பொறுத்திருப்பதுதான் அன்று பெற்றோர் செய்ய வேண்டிய பெரிய வேலை.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அடுக்களை வேலை பெண் பிள்ளைக்கு, வேடிக்கை ஆண் பிள்ளைக்கு என்று பிரிக்காதீர்கள். பானையைத் துலக்கும் வேலையை ஆண் பிள்ளைக்குக் கொடுங்கள். தந்தையும் உடன் அமர்ந்து துலக்கட்டும். வீட்டுத் தாய் களைத்துச் சாய்ந்து கிடக்க மற்றவர்கள் மகிழ்ந்திருக்கும் நாள் திருநாள் ஆகாது.

இரண்டாவது, பொருளைத் தொடும்போதே அதன் பெயரைச் சொல்லுங்கள். பூளைப்பூ, ஆவாரம்பூ, மஞ்சட்கொத்து, கரும்பின் தோகை, மாட்டின் திமில், மூக்கணாங்கயிறு! இச்சொற்கள் ஏட்டில் இருந்தால் மட்டும் வாழா. பொருள் கைவிட்டுப் போனால் சொல்லும் வாய்விட்டுப் போகும். கொம்புக்கு வண்ணம் தீட்டிய பிள்ளைக்குத் 'திமில்' என்னும் சொல்லை யாரும் உருப்போட்டுக் கற்பிக்க வேண்டியதில்லை. வீட்டில் மாடு இல்லையா? மாடு உள்ள வீட்டுக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். கையில் ஒரு கிண்ணம் பொங்கல் கொண்டு செல்லுங்கள். அந்த வீடு அடுத்த தெருவில் இருந்தால் இன்னும் நன்று. எந்தத் தெரு என்று பார்க்காமல் உண்ணவும் உண்பிக்கவும் பிள்ளை அன்று கற்றுக்கொள்ளும். பல ஊர்த் தெய்வங்களே நாளை ஒரே மணலில் கூடும்போது, பல தெருப் பிள்ளைகள் ஒரே பந்தியில் அமரக் கூடாதா?

மூன்றாவது, வீட்டேடு ஒன்று வையுங்கள். தை இரண்டாம் நாள் திருவள்ளுவர் நாள். அன்று மாலை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு குறளைச் சொல்லட்டும். பிறகு அவ்வாண்டு விழாவில் தான் செய்தது இன்னதென ஒரு வரி ஏட்டில் எழுதட்டும். எழுதத் தெரியாத பிள்ளை சொல்ல, மூத்த பிள்ளை எழுதட்டும். கதவு நிலையில் உயரத்தைக் குறித்து ஆண்டையும் எழுதுங்கள். பத்தாண்டு கழித்து அவ்வேட்டைப் புரட்டும்போது அதைவிடச் சுவையான நூல் அவ்வீட்டில் வேறொன்று இராது.

நான்காவது, ஆறு. நாளை கடைகளுக்குப் போகுமுன் பிள்ளையை நீர்த்துறைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு கை நீரை அள்ளச் சொல்லுங்கள். "இது நந்தி மலையில் பிறந்து, சாத்தனூர் அணையில் தங்கி, நம் ஊர் வந்து, திருக்கோவலூரைக் கடந்து கடலூரில் கடல் சேர்கிறது" என்று சொல்லுங்கள். ஆற்றின் சினத்தையும் சொல்லுங்கள். 2024 திசம்பர்த் தொடக்கத்தில் பெரும்புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி அளவுக்கு நீர் திறந்துவிடப்பட்டதையும், கரையூர்களுக்குள் வெள்ளம் புகுந்ததையும் பெரிய பிள்ளைகள் கண்ணாரக் கண்டவர்கள். அவர்களே இளையவர்களுக்குச் சொல்லட்டும். ஆழம் தெரியாமல் இறங்கலாகாது என்பதை அச்சுறுத்தாமல் உணர்த்த அதுவே தக்க இடம். திரும்பும்போது நாம் போட்ட குப்பையை நாமே ஒரு பையில் எடுத்து வருவோம். அந்தப் பையைச் சுமப்பது தந்தையின் வேலை.

சிறுவள்ளிக் கிழங்கு வாங்குவீர்கள் அல்லவா? அவித்து உண்ணுமுன் நல்ல கிழங்காக ஒன்றைப் பிள்ளையின் கையால் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கோடை மழை பெய்ததும் கொல்லையிலோ மண் நிரப்பிய சாக்கிலோ நடட்டும். கொடி படரும், எட்டு ஒன்பது திங்களில் கிழங்கு முற்றும். அடுத்த ஆற்றுத் திருவிழாவுக்குத் தன் கிழங்கைத் தானே தோண்டி எடுக்கும் பிள்ளைக்கு, 'தை' என்றால் என்னவென்று நாம் உரை நிகழ்த்த வேண்டியதில்லை.

காணும் பொங்கலன்று உறவினரைக் கண்டு வருகின்றீர்கள். வரும் ஆண்டில் அப்படியே திருக்கோவலூர் வரை சென்று, ஆற்றிடையே நிற்கும் கபிலர் குன்றையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பாரி மகளிர்க்குத் தந்தையாய் நின்று துணைபுரிந்த புலவன் பெயர் தாங்கிய பாறை அது.

ஏன் இவ்வளவு சிறிய செய்திகளை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று நீங்கள் வினவலாம். கரணியம் உண்டு. தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008இல் தமிழக அரசு சட்டம் இயற்றியது. நாம் மகிழ்ந்தோம். 2011இல் மற்றொரு சட்டம் வந்து அதை நீக்கியது. நாம் வருந்தினோம். அரசு தந்ததை அரசு எடுத்துக்கொள்ள இயலும். கனடா நாட்டு நாடாளுமன்றம் 2016இல் சனவரித் திங்களைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. அது நமக்குப் பெருமை. ஆயினும் அங்கே பனி கொட்டும் காலையில், மின்னடுப்பின் மேல் ஒரு சிறு ஏனத்தை வைத்துப் பால் பொங்குவதைப் பிள்ளையைத் தூக்கிக் காட்டுகின்றாளே ஒரு தாய், அவளால்தான் அந்த ஏற்பு உயிர் பெறுகின்றது. ஒரு வீட்டில் ஒரு பிள்ளை கட்டிய முடிச்சை எந்தச் சட்டமும் அவிழ்க்க முடியாது.

நிறைவாக ஒன்று. இவ்வாண்டு நான் எந்த மேடைக்கும் போகவில்லை. மகனும் மருமகளும் பெயர்த்தியும் ஊர் வந்திருந்தார்கள். மூன்று நாளுக்கு முன், பானை அடுப்பேறுமுன், என் மகன் மஞ்சட்கொத்தைத் தன் மகள் கையில் கொடுத்தான். அவள் கட்டினாள், அவிழ்ந்தது. என் கை தானாக நீண்டது. என் மனைவி என்னைப் பார்த்தாள். கையை மடக்கிக்கொண்டேன். குழந்தை மீண்டும் கட்டினாள், மீண்டும் அவிழ்ந்தது. மூன்றாம் முறை நின்றது. பால் பொங்கியது.

நாளை ஆற்றுக்கு வாருங்கள். பிள்ளைகளின் கையில் ஏதேனும் ஒரு வேலை கொடுத்து அழைத்து வாருங்கள்.