மாத்திரை கொடுத்தா மட்டும் போதுமா?

சேலம், நாமக்கல் மாவட்டச் செவிலியர் சந்திப்பில் ஆற்றிய உரையிலிருந்து:



2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்ட மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிப்போனாங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. இன்னைக்கு மாத்திரை இருக்கு. அதைக் கையில கொடுத்து அனுப்பிட்டா வேலை முடிஞ்சுதா?

லித்தியம் சாப்பிடுற ஒருத்தர் சித்திரை வெயில்ல சங்ககிரியிலோ பரமத்தியிலோ கட்டட வேலை பார்க்கிறார்னு வைங்க. வேர்த்துக் கொட்டுது, தண்ணி குடிக்க நேரமில்ல. உடம்புல நீர் குறைஞ்சா ரத்தத்தில் லித்தியம் ஏறும். வாந்தி, பேதி, கை நடுக்கம், நடை தள்ளாடும். பார்க்கிறவங்க 'குடிச்சிருக்கான்'னு போயிடுவாங்க. உண்மையில மருந்தே விஷமாகுற நேரம் அது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் பார்க்கணும். மூட்டுவலிக்குக் கடையில வாங்குற டைக்ளோபெனாக்கும் லித்தியத்தை ஏத்திவிடும். இதையெல்லாம் வீட்டு வாசல்ல நின்னு விசாரிக்கக்கூடியவர் செவிலியர்தான்.

வலிப்பு மாத்திரையை 'ஆறு மாசமா வரலையே'ன்னு திடீர்னு நிறுத்தினா, விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வால்ப்ரோயேட் சாப்பிடுற பொண்ணுன்னா, கரு உண்டாகிறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசணும். மாப்பிள்ளை வீட்டுக்கு மறைக்கிற ஊர்ல இதை யார் சொல்லுவா?

2021 ஆகஸ்ட் 5-ல் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்குச்சு. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை வீடு தேடி வருது. மனநல, வலிப்பு நோயாளிக்கும் அதே வாசலுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் வரணும். ஒன்றியத்துக்கு ஒருவராவது வேணும். லித்தியம் அளவு பார்க்கிற வசதி தாலுகா ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கணும். அரசிடம் நாங்க கேட்கிறது இதுதான்.