நினைவும் கணக்கும்

(இராயப்பேட்டையில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இராயப்பேட்டைக்கு அடையாளம் அதன் மணிக்கூண்டு. வழி கேட்டு வந்தவர்கள் பலர் அதைக் கண்டே இவ்விடம் சேர்ந்திருப்பீர்கள். ஆகவே கடிகாரத்தைக் கொண்டே பேச்சைத் தொடங்குவோம். நின்றுபோன கடிகாரமும் நாளொன்றுக்கு இருமுறை சரியான நேரத்தைக் காட்டும். அந்த இரு வேளைகளில் மட்டும் அண்ணாந்து பார்த்தவர், அது நன்றாக ஓடுகிறதென்று ஆணையிட்டுக் கூறுவார். அவர் பொய்யர் அல்லர். அவர் கண்டது மெய். மற்ற வேளைகளில் காணாது விட்டதே பிழை. நம் எண்ணத்தில் நேரும் தவறுகள் பல இத்தகையனவே.

மனம் எவ்வாறு காண்கிறது, நினைக்கிறது, முடிவு செய்கிறது என்பதை ஆராயும் விஞ்ஞானம் மனோதத்துவம். உளவியல் என்றும் அதனைக் கூறுவர். முகம் பார்த்து உள்ளத்தைச் சொல்லும் வித்தையன்று அது. 1879-ல் ஜெர்மனியின் லீப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்பவர் இதற்கெனச் சோதனைச்சாலை ஒன்றை நிறுவினார். 1916-ல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும், 1943-ல் நமது சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இதற்குத் தனித்துறை தோன்றியது. புதிய விதையை ஒரு பாத்தியிலும் பழைய விதையை அடுத்த பாத்தியிலும் இட்டு, இரண்டிற்கும் ஒரே எருவும் நீரும் தந்து, விளைச்சலை நிறுத்துப் பார்க்கிறோம் அல்லவா? மனத்தையும் அவ்வாறே ஒப்பிட்டுச் சோதிப்பது இத்துறையின் முறை.

இனி நம் ஊர்க் கிணற்றங்கரைக்கு வருவோம். தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடும்பாறை நிலம். ஆழ்துளைக் கிணறு பொய்த்தால் உழவரின் கடன் நிற்கும், நீர் நிற்காது. ஆகவே இடம் குறிக்க நீரோட்டம் பார்ப்பவரை அழைக்கிறோம். அவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்தோ, வேப்பங்கவட்டையைப் பிடித்தோ நடக்கிறார். தேங்காய் நிமிர்ந்த இடத்தில் தோண்டினால் நீர் வந்தது என்று பத்துப் பேர் சாட்சி சொல்கின்றனர்.

அவர் ஏமாற்றுக்காரர் என்று நாம் கூறவில்லை. 1833-ல் பிரெஞ்சு இரசாயன அறிஞர் செவ்ரல், நூலில் கட்டிய குண்டைக் கையில் பிடித்துச் செய்த சோதனையை வெளியிட்டார். குண்டு தானே ஆடியது. கண்ணைக் கட்டிக்கொண்டு பிடித்தபோது ஆடவில்லை. ஆட்டியது அவர் கையே. ஆட்டுகிறோம் என்பதை அவர் மனம் அறியவில்லை. ஒரு மோதிரத்தை நூலில் கட்டி, இன்றிரவு வீட்டில் நீங்களும் செய்து பார்க்கலாம்.

1987, 1988-ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியின் மியூனிக் நகருக்கு அருகே பெரிய சோதனை ஒன்று நடந்தது. ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் நீர்க்குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்தனர். தேர்ந்தெடுத்த 43 பேர் மேல்தளத்தில் நடந்து, குழாய் உள்ள இடத்தைக் கூறவேண்டும். முடிவில், ஒரு சிலருக்கு அத்திறமை உண்டு என்று சோதித்தவர்களே அறிவித்தனர். பின்னர் என்ரைட் என்ற அறிஞர் எல்லாக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தார்; தற்செயலாகக் கிட்டும் வெற்றிக்கு மேல் அதில் எதுவும் இல்லை என்று காட்டினார். பலித்ததைப் பொறுக்கி எடுக்கும் பிழை படித்தவரையும் விடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பிழை எங்கே நிகழ்கிறது? பலித்த கிணறு தினமும் கண்ணெதிரே நீர் இறைக்கிறது. பொய்த்த கிணற்றை மூடிவிடுகிறோம். அதன் நினைவையும் உடன் மூடிவிடுகிறோம். நினைவு வந்தாலும், "துளையிட்டவர் ஒரு முழம் விலகிவிட்டார்" என்று காரணம் கற்பிக்கிறோம். அவர் குறித்த பத்தில் ஏழு பலித்தது என்றே வைத்துக்கொள்வோம். அவரைக் கேளாமல் அதே ஊரில் தோண்டிய பத்தில் எத்தனை பலித்தன? அதுவும் ஏழானால், தேங்காயின் பங்கு ஏதுமில்லை. இந்த இரண்டாவது கேள்வியை மனம் தானாகக் கேட்பதில்லை. நாம்தான் அதைக் கேட்கப் பழக்கவேண்டும்.

மற்றொரு பிழை கூட்டத்தில் நேர்வது. 1951-ல் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்பவர் வெளியிட்ட சோதனை இது. எக்கோடு மற்றதற்குச் சமம் என்பது எளிய கேள்வி. முன்னேற்பாட்டின்படி மற்றவர் அனைவரும் பிழையான விடையையே கூறுவர். விவரம் அறியாத ஒருவர் இறுதியில் பதில் சொல்லவேண்டும். இத்தகைய சுற்றுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விடைகள், கண்ணெதிரே கண்டதை விட்டுக் கூட்டத்தோடு ஒத்துப்போயின. ஆனால் துணையாக ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னபோது அப்பிழை பெரிதும் குறைந்தது. நம் மன்றத்தில் பெரியவர் ஒருவர் முதலில் பேசியதும் எல்லோரும் தலையசைப்பதை நாம் கண்டதில்லையா? ஐயம் எழுப்பும் ஓர் உறுப்பினர் மன்றத்திற்கு இடையூறு அல்லர், காவல்.

ஆகவே மூன்று செயல்களை முன்வைக்கிறோம். முதலாவது, ஊராட்சியில் கிணற்று ஏடு ஒன்று வைப்போம். இடம் குறித்தவர் யார், ஆழம் எவ்வளவு, நீர் கண்டதா, சித்திரையிலும் நின்றதா என்று, பலித்ததோடு பொய்த்ததையும் எழுதுவோம். இரண்டாவது, தோண்டுமுன் வேளாண்மைப் பொறியியல் துறையின் நிலநீர் ஆய்வை நாடுவோம். மண்ணில் மின்சாரம் செலுத்தி, பாறையின் தடையை அளந்து, நீருள்ள அடுக்கை மதிப்பிடும் முறை அது. அதுவும் தவறலாம், அதன் கணக்கையும் அதே ஏட்டில் எழுதுவோம். மூன்றாவது, செலவு மிக்க தீர்மானங்களில் வயதில் இளையவரை முதலில் பேசச் செய்வோம்.

பெரியோர் அனுபவத்தை இகழ்வது நமது நோக்கமன்று. அனுபவம் நல்ல சாட்சி. ஆனால் எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்த பின்னரே தீர்ப்பளிக்கிறோம். பொதுப்பணம் செலவிடும் நாம் நமது நினைவையும் அவ்வாறே விசாரிப்போமாக.