இழையும் தந்திக்கு ஏற்ற பெட்டி



கோட்டுவாத்தியக் கச்சேரியையோ ஹவாயன் கிட்டார் வாசிப்பையோ மைக் செட் வழியாகக் கேட்டுவிட்டு, "வாசிப்பு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா என்னமோ ஒட்டலை" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போகிறவர்களை மதுரைப் பக்கம் பார்க்கலாம். அப்படி ஒட்டாமல் போனதற்குப் பெரும்பாலும் வித்வானைக் குறை சொல்ல முடியாது. அவர் விரலுக்கும் நம் காதுக்கும் நடுவில் பிக்கப், ஆம்ப்ளிபையர், ஸ்பீக்கர் பெட்டி, எக்கோ மெஷின் என்று நாலு சாமான் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் கச்சேரி தங்குவதும் நழுவுவதும். அந்தத் தேர்வும் ஒரு கலைதான் என்பது என் எண்ணம். இன்று அதைப் பற்றிப் பேசுகிறேன்.

கோட்டுவாத்தியமும், ஸ்டீல் கிட்டார் என்றும் சொல்லப்படும் ஹவாயன் கிட்டாரும் வேறு வேறு மண்ணில் பிறந்த ஒரே சாதிக் கருவிகள். இரண்டிலும் இடது கை விரல் தந்தியை மெட்டின் மேல் அழுத்துவதில்லை. கோட்டுவாத்தியத்தில் கருங்காலிக் கட்டையோ டெஃப்லான் உருளையோ தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஹவாய்க்காரர்கள் அதே வேலைக்கு எஃகுத் துண்டை எடுத்தார்கள். நம் பக்கத்தில் திருவிடைமருதூர் சகாராம ராவ் இந்த வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்கு உரியதாக்கினார். செம்மங்குடி சீனிவாச அய்யரே அவரிடம் பாடம் கேட்டவர். பிறகு பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள், மைசூர் அரண்மனை வித்வானாக இருந்த நாராயண அய்யங்கார், அவர் பேரன் ரவிகிரண் என்று அந்த வழி நீண்டது. வடக்கே பிரிஜ் பூஷண் காப்ரா ஹவாயன் கிட்டாரில் ராகம் வாசித்துக் காட்டினார். 1967இல் வந்த 'கால் ஆஃப் தி வேலி' இசைத்தட்டில் அவர் வாசிப்பைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். விஸ்வ மோகன் பட் அதே கிட்டாரை மோகன வீணையாக்கி 1994இல் கிராமி விருது வாங்கினார்.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். உலகில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த மின்சார கிட்டாரே மடியில் கிடத்தி வாசிக்கும் ஸ்டீல் கிட்டார்தான். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் குதிரை லாட வடிவக் காந்தத்தை வைத்து பிக்கப் செய்தார். ரிக்கன்பேக்கர் கம்பெனி அதை அலுமினிய உடம்போடு 1932இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. வறுவல் சட்டி என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. ஆக, மின்சாரத்துக்கும் இழையும் தந்திக்கும் உள்ள உறவு தொண்ணூறு வருஷத்துக்கும் மேற்பட்டது. இந்த உறவில் எது முக்கியம் என்று அந்த ஊர் ஸ்டீல் கிட்டார்க்காரர்கள் வெகு நாளாகச் சொல்லிவருவது ஒன்று உண்டு: சத்தம் சுத்தமாக இருக்க வேண்டும்.

மற்ற கிட்டார்க்காரர்கள் ஆம்ப்ளிபையரை முறுக்கி, ஒலி கொஞ்சம் கிழிந்தால்தான் சந்தோஷப்படுவார்கள். ராக் இசைக்கு அந்தக் கிழிசல் அழகு. இழைக்கிற வாத்தியத்துக்கு அது விஷம். வயலினில் வில் ஓடுகிற வரைக்கும் ஒலி நிற்கும். கோட்டுவாத்தியத்தில் ஒரே ஒரு மீட்டு. அதற்குப் பிறகு ஒலி தேய்ந்துகொண்டே போகிறது. அந்தத் தேய்மானத்துக்குள்தான் வித்வான் காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஏறி, அங்கே ஒரு அசைவு கொடுத்து, மத்தியமத்தில் வந்து உட்காருகிறார். மீட்டிய கணத்தில் இருந்த பலம் மூன்றாவது ஸ்வரத்துக்கு வரும்போது மிகச் சிறிதாகிவிடும். கேட்பவன் உருகுவது அந்தக் கடைசிச் சிறு ஒலியில்தான். அதைக் காப்பாற்றாத ஸ்பீக்கர் எத்தனை ஆயிரம் ரூபாய் பெறுமானதாக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

முதலில் பிக்கப்புக்கு வருவோம். மேடையில் நடக்கும் கெடுதலில் பாதி இங்கேதான். கோட்டுவாத்தியம், வீணை இவற்றின் குதிரைப் பக்கத்தில் ஒட்டுகிற பீசோ வில்லைக்கு ஒரு குணம் உண்டு. அது தரும் மின்சாரம் மிக மெல்லியது. எதிரே இருக்கும் கருவியின் உள்ளீட்டுத் தடை ஒரு மெகா ஓமாவது இருந்தால்தான் முழு ஒலியையும் கொடுக்கும். மைக் செட் மிக்சரின் மைக் துளைக்கு அந்தத் தடை சில ஆயிரம் ஓம்தான். வயரை நேரே அதில் சொருகினால் கீழ் ஸ்தாயி முழுக்கக் காணாமல் போய்விடும். மிஞ்சுவது ஒரு கீச்சுக் குரல். "வாத்தியமே இப்படித்தான் போல" என்று மைக் செட்காரர் நினைக்கிறார். வித்வானோ மைக் செட்காரரை முறைக்கிறார். நடுவில் ஒரு சின்ன பிரீஆம்ப் அல்லது ஆக்டிவ் டி.ஐ. பாக்ஸ் வைத்துப் பாருங்கள். அதே வாத்தியம் அதே ஸ்பீக்கரில் வேறு பிறவி எடுத்து வரும். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பெட்டி மாற்றும் முன் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று நான் யாரிடமும் வற்புறுத்தத் தயார்.

இனி ஸ்பீக்கர். நம் கிராமத்துத் திருவிழாவின் அடையாளம் குழாய் ஒலிபெருக்கி. ஆல மரத்தில் கட்டின குழாயில் அதிகாலையில் பாட்டுப் போட்டால் அடுத்த ஊர் வரை கேட்கும். குளிர்ந்த காற்று தரையோடு படிந்திருக்கும் நேரத்தில் ஒலி மேலே போகாமல் வளைந்து தரைக்கே திரும்புவதால்தான் மேலூர் பக்கத்துச் சத்தம் கண்மாய் தாண்டியும் வருகிறது. ஆனால் குழாய் எடுத்துச் செல்வது பேச்சுக்குத் தேவையான நடுப்பகுதியை மட்டும்தான். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதும், ஐந்தாறாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதும் அதில் வராது. அறிவிப்புக்குச் சரி. நாதஸ்வரத்துக்குக்கூட ஓரளவு சரி. ஸ்டீல் கிட்டாரின் மந்தர ஸ்தாயித் தந்தி 80 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிப்பது. குழாயில் அதன் உடம்பு போய் எலும்புதான் கேட்கும். விழா அனுமதி கொடுக்கும்போதே கூம்புக் குழாய் கட்டக் கூடாது என்று காவல்துறை நிபந்தனை போடுவதால், இன்று பெரும்பாலும் பெட்டிகள்தான் வருகின்றன. இந்த மாற்றம் தந்தி வாத்தியத்துக்கு நல்லதே.

பெட்டியில் 12 அங்குலமா, 15 அங்குலமா? ஸ்டீல் கிட்டார்க்காரர்கள் காலங்காலமாக 15 அங்குலத்தின் பக்கம் நிற்கிறார்கள். ஜே.பி.எல். கம்பெனியின் பழைய டி-130, பிறகு பீவி நாஷ்வில் 400 ஆம்ப்ளிபையரில் வந்த பிளாக் விடோ எல்லாம் அந்த அளவுதான். பெரிய கூம்பு மந்தரத்தை உருட்டாமல் கொடுக்கும். உச்ச ஸ்தாயியின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கிவிடும். எஃகு உருளை தந்தியில் உரசும் சத்தம் அந்த மழுக்கலில் அடங்குவதால் அவர்களுக்கு அது வசதி. கோட்டுவாத்தியத்துக்கு நான் அதை அப்படியே சொல்லமாட்டேன். இதில் மொத்தம் 21 தந்தி. அதில் பாதிக்கு மேல், வாசிக்கும் தந்திகளுக்குக் கீழே ஓடித் தானாகவே கூட ஒலிப்பவை. அந்த மினுமினுப்பு மேல்பகுதி ஒலி. 15 அங்குலக் கூம்பை மட்டும் நம்பினால் அது செத்துவிடும். எனவே 12 அங்குல ஸ்பீக்கரும் நல்ல ட்வீட்டரும் சேர்ந்த பெட்டி இரண்டு போதும் என்பது என் தீர்ப்பு. கிட்டாருக்கென்றே செய்த 12 அங்குல ஸ்பீக்கரை இதற்கு வாங்காதீர்கள். அது ஐயாயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டினாலே இறங்கிவிடும்.

வாட் கணக்கில் ஏமாறக் கூடாது. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்று ஸ்பீக்கர் தாளில் போட்டிருப்பார்கள். ஒன்று 97, இன்னொன்று 100 என்றால் வித்தியாசம் மூன்றுதானே என்று விட்டுவிடுகிறோம். அந்த மூன்று டெசிபலை ஆம்ப்ளிபையரால் ஈடுகட்ட வாட்டை இரட்டிப்பாக்க வேண்டும். 97 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுப்பதும், 100 டெசிபல் ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுப்பதும் காதுக்கு ஒரே அளவு. பணம் இருக்கிறவர்கள் அதை நல்ல ஸ்பீக்கரில் போடட்டும். ஆம்ப்ளிபையரை எப்போதும் பாதிப் பலத்துக்குள் ஓட்டட்டும். மீட்டின் முதல் அடி கிழியாமல் வர அந்த மிச்சம் வேண்டும்.

இப்போது எக்கோ. "அண்ணே, எக்கோ கொஞ்சம் ஏத்தவா?" இந்தக் கேள்வி வராத மேடை நம் வட்டாரத்தில் இல்லை. கேட்கிறவர் நல்ல மனசோடுதான் கேட்கிறார். மெல்லிசை மேடையில் பாடகர் குரலுக்கு அது பழக்கம். அமெரிக்க ஸ்டீல் கிட்டார்க்காரர்களும் டிலேயும் ரிவெர்பும் தாராளமாகப் போடுகிறார்கள். அவர்கள் வாசிப்பது நீளமாக நிற்கும் ஸ்வரக் கூட்டு. எதிரொலி வந்து சேர்ந்தாலும் அதே கூட்டுக்குள் அடங்கிவிடும். நம் தோடி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருக்கிறது. அசைவு மேலே போகும் கணத்தில், கால் நொடிக்கு முந்தைய கீழ் அசைவை டிலே திருப்பிக் கொண்டுவந்து மேலே போடுகிறது. ஈரக் கோலத்தை மிதித்தது மாதிரி கோடு முழுக்க இழுவிவிடும். கேட்பவருக்கு வித்வான் சுருதி விலகினார் என்றே தோன்றும். கமகம் உள்ள வாசிப்புக்கு டிலே வேண்டவே வேண்டாம். கோரஸ் என்கிற எஃபெக்ட் ஒலியைச் சற்றே சுருதி விலக்கி இரட்டையாக்குவது. அதை ஒரு வரியிலேயே ஒதுக்கிவிடலாம்.

மண்டபத்தின் முழக்கத்தைப் போலி செய்யும் ரிவெர்ப் விஷயம் வேறு. அதற்கு இடம் பார்க்க வேண்டும். மீனாட்சி அம்மன் கோயில் ஆடி வீதியிலோ கல் மண்டபத்திலோ வாசித்தால் கருங்கல் ஒலியை உறிஞ்சுவதே கிடையாது. வந்ததைத் திருப்பித் தருகிறது. அந்தக் கோயிலில் ஒரே கல்லில் 22 சிறு தூண்களாகச் செதுக்கின இசைத் தூண்களும் உண்டு. கல் எப்படி ஒலிக்கும் என்று தெரிந்த ஊர் இது. அங்கே மெஷினில் ரிவெர்பைச் சுழியத்தில் வையுங்கள். டைல்ஸ் தரையும் கண்ணாடிச் சன்னலுமாக இருக்கும் கல்யாண மண்டபத்திலும் அப்படியே. ஒரு எச்சரிக்கை: காலி மண்டபத்தில் சரிசெய்த ஒலி கூட்டம் நிறைந்ததும் மாறும். மனிதர்களும் பட்டுப்புடவைகளும் மேல் ஸ்தாயியை உறிஞ்சிக்கொள்வதால் ட்ரெபிளைப் பிறகு ஒரு பொட்டு ஏற்ற வேண்டியிருக்கும். தல்லாகுளம் பக்கம் லட்சுமி சுந்தரம் ஹால் மாதிரி கச்சேரி கேட்டுப் பழகின அரங்கத்தில் வேலை சுலபம். உட்கார்ந்து கேட்டு, கொஞ்சமாகக் கூட்டினால் போதும்.

ரிவெர்ப் உண்மையிலேயே தேவைப்படுவது வெட்டவெளியில். ஊர் மைதானத்திலும், அறுவடை முடிந்த வயலில் போட்ட மேடையிலும் ஒலிக்குச் சுவரே இல்லை. தந்தி மொட்டையாகக் கேட்கும். அங்கே ஒரு நொடிக்கு மிகாத, மெல்லிய ரிவெர்ப் நியாயம். அதுவும் தெரு நெடுகப் பெட்டி கட்டாமல் இருந்தால்தான். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 34 மீட்டர் தள்ளி ஒரு பெட்டி இருந்தால் பத்தில் ஒரு நொடி வித்தியாசத்தில் இரண்டு ஒலி வந்து சேரும். தெருவே எதிரொலி மெஷின் ஆகிவிடுகிறது. அதன் மேல் இன்னொன்று எதற்கு?

கம்ப்ரஸரைப் பற்றி ஒரு சொல். தேயும் ஒலியை அது தூக்கிக் கொடுக்கும் என்பது உண்மை. கூடவே ஃபேன் சத்தத்தையும் லைன் இரைச்சலையும் தூக்கும்; வித்வான் வேண்டுமென்றே மெதுவாக மீட்டியதையும் பலமாக்கிவிடும். ஸ்டீல் கிட்டார்க்காரர்கள் இதற்குக் காலால் மிதிக்கும் வால்யூம் பெடல் வைத்திருக்கிறார்கள். பாதி மிதித்து மீட்டி, ஒலி தேயத் தேய மெல்ல அழுத்துவார்கள். எவ்வளவு தூக்க வேண்டும் என்று முடிவுசெய்வது வாசிக்கிறவர் மனசுதான். எஃபெக்ட் சாமான்களில் ஒன்றே ஒன்று வாங்கலாம் என்றால் நான் இந்தப் பெடலைச் சொல்வேன். சப்பணமிட்டு உட்கார்ந்து வாசிக்கிற நம் வித்வான்கள் இதைப் பயன்படுத்த முடியாது என்பதால், அந்த வேலையை மிக்சரில் இருப்பவர் விரல் செய்ய வேண்டும். அதற்கு அவர் ராகம் கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடித்துக் கூப்பிட வேண்டும்.

விழாக் குழுவினருக்கு என் வேண்டுகோள் மூன்று. சீரியல் செட் விளக்கு ஓடும் ஜெனரேட்டர் லைனிலிருந்து ஆம்ப்ளிபையருக்கு மின்சாரம் எடுக்காதீர்கள். தனி லைன் கொடுத்து, எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இரைச்சலில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு விதி. ஆகவே தந்திக் கச்சேரியைக் கடைசியில் தள்ளி அவசரமாக முடிக்கச் சொல்லாமல், மாலை ஆறரைக்கே வையுங்கள். வித்வானையும் மைக் செட்காரரையும் ஒரு மணி நேரம் முன்பே மேடையில் சந்திக்க வையுங்கள். அந்த நேரத்தில் அவர் ஒரே ஒரு தந்தியை மீட்டி அது முழுக்க அடங்கும் வரை விடட்டும். மைக் செட்காரர் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கேட்கட்டும். அங்கே கேட்டுவிட்டால் கச்சேரியைத் தொடங்கலாம்.